கப்பல் இல்லாத கேரியரிடம் சரக்கைக் கொடுப்பது எப்படி: என்விஓசிசி பற்றிப் புதியவர்களுக்கு

கடல் வழியாக முதல் தடவை சரக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: கப்பல் எப்போது கிளம்பும், எவ்வளவு ஆகும். சரக்கை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்கத் தோன்றுவதில்லை. எல்லாம் முடிந்து பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைக் கொண்டுசேர்க்கப் பொறுப்பேற்கும் கேரியர் தரும் ஆவணம், கைக்கு வரும்போது பார்த்தால், கன்டெய்னரில் பெரிய எழுத்தில் இருந்த கப்பல் கம்பெனியின் பெயர் அதன் தலைப்பில் இருக்காது, இதுவரை கேள்விப்படாத ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், இது முறையான ஏற்பாடுதான். அந்தக் கம்பெனி ஒரு என்விஓசிசி, அதாவது நான்-வெசல் ஆபரேட்டிங் காமன் கேரியர். அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது, ஆனால் உங்கள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தன் பெயரிலேயே ஏற்றுக்கொள்கிறது. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக என்விஓ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் கையில் இருக்கும் பில் ஆஃப் லேடிங்கில் (இனி பில்) யார் கேரியர் என்று எழுதியிருக்கிறதோ அவர்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கப்பல் கம்பெனிக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

1. யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே சரக்குக்கு இங்கே இரண்டு ஒப்பந்தங்கள் ஓடுகின்றன. முதலாவது உங்களுக்கும் என்விஓவுக்கும் இடையில், அதற்கான காகிதம் ஹவுஸ் பில். அதில் ஷிப்பர் (அனுப்புபவர்) நீங்கள், கன்சைனி (பெறுபவர்) உங்கள் வாடிக்கையாளர் அல்லது அவருடைய வங்கி. இரண்டாவது என்விஓவுக்கும் கப்பல் கம்பெனிக்கும் இடையில், அதற்கான காகிதம் மாஸ்டர் பில். அதில் ஷிப்பர் என்விஓ, கன்சைனி என்விஓவின் மறுமுனை அலுவலகம் அல்லது ஏஜென்ட். உங்கள் பெயர் மாஸ்டர் பில்லில் பொதுவாக எங்குமே இருக்காது. அதனால்தான் கப்பல் கம்பெனிக்கு நேரடியாகப் போன் செய்து "என் சரக்கு எங்கே" என்று கேட்டால், உங்கள் புக்கிங் பார்ட்டியைக் கேளுங்கள் என்று முடித்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் மூன்றாம் மனிதர்.

ஃபார்வர்டரும் என்விஓவும் ஒன்றா என்றால், இல்லை. ஃபார்வர்டர் உங்கள் சார்பில் இடம் பிடித்து, காகிதம் தயார் செய்து, லாரி ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜென்ட். அவர் மூலம் நேரடியாகக் கப்பல் கம்பெனியின் பில்லை வாங்கினால், கேரியர் கப்பல் கம்பெனிதான், ஃபார்வர்டர் அல்ல. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே கம்பெனி, ஒரே மேசை, ஒரே ஆள் ஒரு சரக்குக்கு ஃபார்வர்டராகவும் அடுத்த சரக்குக்கு என்விஓவாகவும் இருப்பார். விசிட்டிங் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பில்லின் கையெழுத்துப் பகுதியில் "கேரியராக" என்று கையெழுத்திட்டிருக்கிறாரா, "கேரியரின் ஏஜென்டாக" என்று கையெழுத்திட்டிருக்கிறாரா, ஏஜென்ட் என்றால் எந்தக் கேரியருக்கு என்று பெயர் சொல்லியிருக்கிறாரா என்பதைப் பாருங்கள். அந்தக் கையெழுத்துப் பகுதி தெளிவில்லாமல் இருந்தால் திருத்தி வாங்குங்கள்.

2. உங்களுக்கு என்விஓ வேண்டுமா

ஒரு கன்டெய்னர் நிரம்பாத சரக்கு என்றால் கேள்வியே இல்லை. பெரிய கப்பல் கம்பெனிகள் பொதுவாகக் கன்டெய்னர் கணக்கில்தான் இடம் விற்கின்றன. பத்துப் பெட்டி, இரண்டு பேலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) என்று வரும் எல்சிஎல் சரக்கைப் பலரிடமிருந்து சேர்த்து, ஒரு கிடங்கில் வைத்து ஒரே கன்டெய்னரில் அடுக்கி அனுப்புவது என்விஓவின் வேலை. அந்தக் கிடங்குக்குச் சிஎஃப்எஸ் என்று பெயர்.

முழுக் கன்டெய்னர், அதாவது எஃப்சிஎல் என்றால் யோசிக்க வேண்டும். மாதம் ஒன்றிரண்டு கன்டெய்னர் அனுப்புகிறவருக்குக் கப்பல் கம்பெனியிடம் பேரம் பேசும் பலம் இல்லை. என்விஓ வருடத்துக்கு இத்தனை கன்டெய்னர் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டு மொத்தமாக இடம் வாங்கிச் சில்லறையாக விற்கிறவர், ஆகவே அவர் லாபம் வைத்த பிறகும் உங்களுக்கு விலை குறைவாகவே வரலாம். ஒரு கம்பெனியின் கப்பலில் இடமில்லை என்றால் இன்னொன்றில் மாற்றிப் போடவும் அவரால் முடியும். மறுபக்கம், சந்தையில் இடத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது முதலில் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் குறைந்த விலைச் சரக்குதான். தொடர்ந்து ஒரே தடத்தில் நல்ல அளவில் அனுப்புகிறவர்கள் கப்பல் கம்பெனியின் விலையையும் ஒரு தடவை நேரடியாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எல்லாருக்கும் என்விஓதான் சரி என்று நான் சொல்லமாட்டேன்.

3. ஆளைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். என்விஓ மூலம் அனுப்புவதில் உள்ள உண்மையான ஆபத்து கப்பல் மூழ்குவது அல்ல. நீங்கள் என்விஓவுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள், என்விஓ கப்பல் கம்பெனிக்குக் கட்டவில்லை, அதுதான் ஆபத்து. அப்போது கப்பல் கம்பெனி சரக்கை விடாது. "நான் கட்டிவிட்டேனே" என்று ரசீதைக் காட்டினாலும் நடக்காது, ஏனென்றால் அந்த ரசீது வேறொரு ஒப்பந்தத்துக்கானது. பல சமயம் வாடகையை இரண்டாம் முறை கட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டிவரும்.

அதனால் தேதியையும் விலையையும் பேசுவதற்கு முன்பு சிலவற்றைக் கேளுங்கள். அந்த நாட்டுச் சட்டம் உரிமமோ பதிவோ கேட்டால் அது இருக்கிறதா? உதாரணத்துக்கு, அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் சரக்கென்றால் ஃபெடரல் மாரிடைம் கமிஷனிடம் என்விஓ உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். அங்கே உரிமம் பெற்ற என்விஓ 75,000 டாலருக்கும், உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் செய்த வெளிநாட்டு என்விஓ 1,50,000 டாலருக்கும் ஜாமீன் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். பெயர் இருக்கிறதா என்று கமிஷனின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எல்லா நாட்டிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்காது. இல்லாத இடத்தில், அவருக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, மறுமுனையில் அவருடைய ஏஜென்ட் யார், எத்தனை வருடமாக அந்தத் தடத்தில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். மறுமுனை ஏஜென்டின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள், விலை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் கேளுங்கள்: சரக்கை நீங்களே கன்டெய்னரில் அடுக்குகிறீர்களா, வேறு என்விஓவிடம் கொடுக்கிறீர்களா? கோ-லோடிங் என்று இதற்குப் பெயர். எல்சிஎல்லில் இது சகஜம், தப்பும் இல்லை. ஆனால் அப்போது உங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு என்விஓவுக்குப் பதில் இரண்டு என்விஓ நிற்கிறார்கள். மேலே சொன்ன பணம் கட்டாத பிரச்சினை இப்போது இரண்டு இடத்தில் வரலாம்.

4. விலையை முழுசாகக் கேளுங்கள்

எல்சிஎல் விலை கன மீட்டருக்கு அல்லது 1,000 கிலோவுக்கு, எது அதிகமோ அதன்படி. 2.4 கன மீட்டர் இடம் பிடிக்கும் சரக்கு 3,100 கிலோ எடை இருந்தால் 3.1 என்று கணக்குப் போடுவார்கள். சின்னதாக அரை கன மீட்டர் அனுப்பினாலும் குறைந்தபட்சம் 1 என்று வாங்குவது வழக்கம்.

சில தடங்களில் எல்சிஎல் கடல் வாடகை நம்பமுடியாத அளவுக்கு மலிவாக இருக்கும். சுழியம்கூடச் சொல்வார்கள், சில நேரம் சரக்கைக் கொடுப்பவருக்கே காசு திருப்பித் தருவார்கள். யாரும் இனாமாகச் சரக்கு ஏற்றுவதில்லை, அந்தப் பணம் மறுமுனையில் சிஎஃப்எஸ் கட்டணம், பிரித்து இறக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், டெலிவரி ஆர்டர் (சரக்கை விடச் சொல்லும் உத்தரவு) கட்டணம் என்று வேறு வேறு பெயரில் வாங்குபவரிடம் வசூலாகும். கடல் வாடகையையும் காப்பீட்டையும் விற்பவரே கட்டும் சிஐஎஃப் முறையில் விற்பவர் என்விஓவைத் தேர்வு செய்கிறார், இறக்குமதி முனையின் கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குபவர் கட்டுகிறார். தேர்வு செய்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. நீங்கள் வாங்குபவராக இருந்தால் மறுமுனைக் கட்டணப் பட்டியலை ஆர்டர் போடும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கடல் வாடகையை வாங்குபவரே கட்டும் எஃப்ஓபி அல்லது எஃப்சிஏ முறையில் வாங்கி, என்விஓவை நீங்களே பிடியுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால், இந்த மலிவு விலையால் உங்கள் வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

எஃப்சிஎல் என்றால் கட்டாயம் கேட்க வேண்டியது இலவச நாட்கள், அதாவது கட்டணம் இல்லாமல் கன்டெய்னரை வைத்திருக்கக் கிடைக்கும் நாட்கள். அதற்கு மேல் துறைமுகத்தில் கன்டெய்னர் கிடந்தால் கட்டும் கட்டணம் டிமரேஜ், வெளியே எடுத்துப்போய்க் காலியாகத் திருப்பித் தரத் தாமதமானால் டிடென்ஷன். கப்பல் கம்பெனி என்விஓவுக்குக் கொடுத்திருக்கும் இலவச நாட்களும் என்விஓ உங்களுக்குச் சொல்லும் நாட்களும் ஒன்றாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாயால் சொன்னது செல்லாது, மெயிலில் வாங்குங்கள்.

5. புக்கிங்கிலிருந்து கப்பல் ஏறும் வரை

இது பழகிவிட்டால் இயந்திரத்தனமான வேலை. நினைவில் வைக்க வேண்டியது, என்விஓ சொல்லும் கட்-ஆஃப் நேரம் (சரக்கையும் விவரங்களையும் கொடுக்கக் கடைசி நேரம்) கப்பல் கம்பெனியின் கட்-ஆஃபுக்கு முன்னதாகவே இருக்கும், ஏனென்றால் உங்கள் விவரங்களை வாங்கி அவர் மறுபடி தன் பெயரில் கொடுக்க வேண்டும். எல்சிஎல்லில் இந்த இடைவெளி இன்னும் பெரிது, கன்டெய்னரை அடுக்கி முடிக்கவே நேரம் வேண்டும்.

2016 ஜூலை 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிப்படி, எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது. மாஸ்டர் பில்லின் ஷிப்பர் என்விஓ என்பதால் விஜிஎம் எனப்படும் அந்த எடையைக் கப்பல் கம்பெனிக்குக் கொடுப்பது அவர்தான், ஆனால் எஃப்சிஎல்லில் அவருக்கு அந்த எண்ணைக் கொடுப்பது நீங்கள். தோராயமாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கின் விவரம் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சுங்கத்துக்குப் போயிருக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 ஜூனிலிருந்து கடல் சரக்குக்கு ஹவுஸ் பில் அளவிலான விவரம் கேட்கும் முறை வந்துவிட்டது. "பொதுச் சரக்கு" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துத் தப்பித்த காலம் போய்விட்டது.

கப்பல் கிளம்பியதும் கன்டெய்னர் எண்ணை வாங்குங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதை வைத்துக் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் நீங்களே தேடலாம். சரக்கு ஏறிவிட்டது என்று சொல்பவரின் சொல்லை இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

6. டிராஃப்ட் பில்லை வரிவரியாகப் படியுங்கள்

என்விஓ அனுப்பும் டிராஃப்டைத் திறந்து பெயரும் முகவரியும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு "ஓகே" என்று பதில் போடுகிறவர்கள் பலர். அதிகப் பணம் தங்கியிருக்கும் வரி அதற்குக் கீழே இருக்கிறது, எத்தனை பெட்டி என்ற வரி.

ஒரு பேலட்டில் 40 அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 10 கிலோ என்று வையுங்கள். பல நாடுகளில் நடைமுறையில் இருக்கும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி சரக்கு தொலைந்தால் கேரியரின் பொறுப்பு ஒரு பேக்கேஜுக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பில்லில் "1 பேலட்" என்று மட்டும் இருந்தால் அது ஒரே பேக்கேஜ், 400 கிலோவுக்கு 800 எஸ்டிஆர், அவ்வளவுதான். "1 பேலட்டில் 40 அட்டைப்பெட்டிகள்" என்று இருந்தால் 40 பேக்கேஜ், உச்சவரம்பு 26,000 எஸ்டிஆரைத் தாண்டிவிடும். ஒரே சரக்கு, ஒரே நஷ்டம், கூடுதலாகத் தட்டச்சு செய்தது ஒரு சொற்றொடர். அமெரிக்கச் சட்டத்தில் அது பேக்கேஜுக்கு 500 டாலர், அங்கேயும் எண்ணிக்கை இதே போல முக்கியம். எந்த விதி பொருந்தும் என்பது ஹவுஸ் பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், அந்த ஒரு ஷரத்தையாவது தேடிப் படியுங்கள்.

லெட்டர் ஆஃப் கிரெடிட் (சுருக்கமாக எல்சி, காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) இருந்தால் இன்னும் கவனம். எல்சிகளுக்கான சர்வதேச யுசிபி 600 விதிகள், பில்லில் கேரியரின் பெயர் இருக்க வேண்டும், கேரியரோ கேப்டனோ அவர்களுடைய ஏஜென்டோ கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கின்றன. கேரியர் கப்பல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஆகவே என்விஓ கேரியராகக் கையெழுத்திட்ட ஹவுஸ் பில்லை வங்கி ஏற்கும். ஆனால் எல்சியிலேயே ஹவுஸ் பில் கூடாது என்று ஒரு வரி போட்டிருந்தால் கதை வேறு. எல்சி வந்த அன்றே அந்த வரியைத் தேடுங்கள், கப்பல் கிளம்பிய பிறகு தேடிப் பயன் இல்லை.

7. ஒரிஜினலா, சரண்டரா

ஹவுஸ் பில் ஒரிஜினல் பெரும்பாலும் மூன்று பிரதியாக வரும். மறுமுனையில் ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. வாங்குபவர் இன்னும் பணம் தரவில்லை என்றால் மூன்றும் உங்கள் கையிலோ வங்கியிலோ இருக்கட்டும். பணம் வந்துவிட்டது, காகிதத்தைக் கூரியரில் அனுப்பக் காத்திருக்க முடியாது என்றால் ஒரிஜினலை என்விஓவிடமே திருப்பிக் கொடுத்துச் சரண்டர் செய்யலாம், ஒரிஜினல் இல்லாமலே சரக்கைக் கொடுக்கலாம் என்று அவர் மறுமுனைக்கு டெலக்ஸ் ரிலீஸ் என்ற தகவல் அனுப்புவார். டெலக்ஸ் இயந்திரம் காணாமல் போய்ப் பல வருடம் ஆனாலும் பெயர் மட்டும் நிற்கிறது.

நீங்கள் ஹவுஸ் பில்லைச் சரண்டர் செய்தால் மட்டும் போதாது, என்விஓ தன் பங்குக்கு மாஸ்டர் பில்லையும் கப்பல் கம்பெனியிடம் விடுவித்திருக்க வேண்டும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. கப்பல் சேர்வதற்கு முன்பே "மாஸ்டர் ரிலீஸ் ஆகிவிட்டதா" என்று கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள்.

8. மறுமுனையில் எடுப்பது

வருகை அறிவிப்பை அனுப்புவது கப்பல் கம்பெனி அல்ல, என்விஓவின் ஏஜென்ட். அவரிடம் ஹவுஸ் பில்லைக் கொடுத்து, கட்டணம் கட்டி, டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். எல்சிஎல்லில் கப்பல் வந்த அன்றே சரக்குக் கிடைக்காது. கன்டெய்னர் இறங்கி, சிஎஃப்எஸ்ஸுக்குப் போய், பிரித்து அடுக்கிய பிறகுதான் உங்கள் முறை. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும்போது இந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

2016 ஆகஸ்ட் 31 அன்று தென்கொரியாவின் ஹான்ஜின் கப்பல் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது, அதன் கப்பல்கள் துறைமுகங்களுக்குள் போக முடியாமல் கடலில் நின்றன. அந்தக் கப்பல்களில் என்விஓ மூலம் சரக்கு போட்டவர்களுக்குக் கேரியர் ஹான்ஜின் அல்ல, அவர்கள் கையில் இருந்த ஹவுஸ் பில்லின் என்விஓ. கப்பல் நின்றாலும் அந்த ஒப்பந்தம் நிற்கவில்லை. நல்ல என்விஓ கையில் இருந்தால் என்ன பயன் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் சுமார் 18,000 கன்டெய்னர்கள் இருந்தன. மீட்புக்குப் பிறகு கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார், அதாவது மீட்கும் செலவைக் கப்பலும் சரக்கு உரிமையாளர்களும் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு விடுவிக்கப்படும். எல்சிஎல்லில் இதனால் ஒரு தலைவலி: அதே கன்டெய்னரில் இருக்கும் யாரோ ஒருவர் உத்தரவாதம் கொடுக்காமல் இழுத்தால் உங்கள் பெட்டியும் சேர்ந்தே நிற்கும். சரக்குக் காப்பீடு இருந்தால் காப்பீட்டுக் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும், இல்லாதவர்கள் ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். காப்பீடு எடுங்கள் என்று இதற்கு மேல் வற்புறுத்த எனக்குத் தெரியவில்லை.

சேதம் என்றால் பெட்டியைத் திறந்த இடத்திலேயே படம் எடுங்கள், டெலிவரி ரசீதில் சேதத்தைக் குறித்து எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு ஹேக்-விஸ்பி விதிகளில் மூன்று நாள்தான் அவகாசம், அதற்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதம் போக வேண்டியது ஹவுஸ் பில்லில் கேரியராக இருப்பவருக்கு, நகல் காப்பீட்டுக் கம்பெனிக்கு. வழக்குப் போட ஒரு வருடம். "பார்க்கிறோம், பேசுகிறோம்" என்று மெயில் வந்துகொண்டே இருந்தாலும் அந்த வருடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே பத்தாவது மாதம் தாண்டியும் முடிவு வராவிட்டால் கால நீட்டிப்பை எழுத்தில் கேளுங்கள். அதைக் கேரியர் பெயரில் இருப்பவரிடமிருந்தே வாங்குங்கள், அவருடைய மறுமுனை ஏஜென்ட் "சரி" என்று போட்ட மெயிலை நம்பி இருந்துவிடாதீர்கள்.